கால் தெரியாத வீடியோ

மானஸாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சான்டா கிளாராவில் அவள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை, ஆலன் நகரப் பள்ளி ஆடிட்டோரியத்தில் நடந்த நடனப் போட்டியில் அவளுக்கு வந்த கோபம் வேறு தினுசு. மேடையில் சிறுமிகள் ஆடிக்கொண்டிருந்தது ஷ்யாமளா ஆன்ட்டி அமைத்த நடனம். அறிவிப்பாளரோ, 'கொரியோகிராஃபி அனன்யா' என்று மைக்கில் முழங்கிவிட்டுப் போயிருந்தார். பக்கத்து இருக்கையில் ஷ்யாமளா ஆன்ட்டி பாட்டுக்குக் காராசேவு கொறித்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சிறுமிகளின் ஒத்திகை வீடியோ ஒன்று போன மாதம் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்ததும், ஆன்ட்டியைக் கேட்காமலே இரண்டு பேருக்கும் ஆலனுக்கு விமான டிக்கெட் போட்டவள் மானஸாதான். ஆன்ட்டி வரமாட்டேன் என்று சொல்லவில்லை. சண்டை போட வருகிறேன் என்றும் சொல்லவில்லை. மானஸாவுக்குக் கவலையே அதுதான்.

ஆன்ட்டியின் கதை தெரியாவிட்டால் இந்தக் கவலை புரியாது. தொண்ணூறுகளில் கணவரோடு சான் ரமோனுக்கு வந்தவருக்கு, விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்காமல், பக்கத்துக் காலேஜில் மாலை வகுப்புக்குப் போய் ஜாஸ் நடனம் கற்றார். தோளை மட்டும் தனியாகப் பேச வைக்கவும், இடுப்பை நிறுத்திவிட்டு விலாவை மட்டும் நகர்த்தவும் அங்கே படித்தார். பிறகு ஒரு கம்யூனிட்டி ஹாலைப் பிடித்து, சுடிதாரும் ஸ்னீக்கருமாக வந்து நின்ற தமிழ்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். 'இடுப்பை ஆட்டுற டான்ஸ்' என்று ஊர் வம்பு பேசியது. பேசியவர்கள் வீட்டுப் பெண்களே அடுத்த வருஷம் முன் வரிசையில் நின்றார்கள். சினிமாவையும் காப்பியடிக்காமல், காலேஜ் பாடத்தையும் ஒப்பிக்காமல், சொந்தமாக ஒரு ஆட்டத்தையே அவர் உண்டாக்கினார். அந்தப் பக்கத்துத் தமிழர் மேடைகளில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயதில் கூனிக் குறுகித் திரிந்த மானஸாவை நிமிர்ந்து நடக்க வைத்தது அந்த ஹால்தான். அந்த நன்றியை அவள் இன்றும் மறக்கவில்லை.

இவ்வளவு செய்தவரின் பெயரை ஒரு விழாவில்கூட யாரும் சொன்னதில்லை. 'அடுத்து ஒரு குழு நடனம்', அவ்வளவுதான். மானஸா கொதிக்கும்போதெல்லாம் ஆன்ட்டி, "இருக்கட்டும் விடு" என்பார். இன்றும் அதைச் சொல்லிவிட்டால்?

மேடையில் சிறுமிகள் இடது காலை இழுத்து நடந்தார்கள். மானஸா பல்லைக் கடித்தாள். அந்த நடனத்தை அமைத்த வாரம் ஆன்ட்டிக்கு இடது கணுக்காலில் சுளுக்கு. காலை உயர்த்த முடியாமல் இழுத்தார். அதுதான் நடனம் என்று நினைத்து வகுப்பே இழுத்தது. சாக்ஸபோனுக்கு அது அவ்வளவு பாந்தமாகப் பொருந்திவிட, சுளுக்குப் போன பிறகும் இழுப்பு நிலைத்துவிட்டது. திருடியவர்கள் சுளுக்கையும் சேர்த்தல்லவா தூக்கி வந்திருக்கிறார்கள்.

ஆன்ட்டி காராசேவை மூடி வைத்தார். "அந்த ஓரத்துப் பொண்ணோட முட்டியைப் பாத்தியா? வா, பேக்ஸ்டேஜ் போலாம்."

அனன்யாவுக்கு முப்பது வயதிருக்கும். ஆன்ட்டி யாரென்று மானஸா சொன்னதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"யூடியூப்ல பாத்து கத்துக்கிட்டேன் ஆன்ட்டி. யாரோ ஒரு அப்பா அவர் பொண்ணை மட்டும் ஜூம் பண்ணி எடுத்த வீடியோ. டைட்டில்லயும் அந்தப் பொண்ணு பேர்தான். யாரோட கொரியோகிராஃபின்னு கமென்ட்ல கேட்டேன், யாருமே ரிப்ளை பண்ணல."

"அதனால உங்க பேரைப் போட்டுட்டீங்களா?" என்றாள் மானஸா.

அனன்யா தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதான். ஜூம் பண்ணதுல பாதி இடத்துல காலே தெரியல. நானா ஒரு கெஸ்ல சொல்லிக்கொடுத்தேன்."

"அதான் பாத்தேன்" என்றார் ஆன்ட்டி. ஓரத்துச் சிறுமியைக் கூப்பிட்டு, அவள் முன் மண்டியிட்டு, வலது பாதத்தைக் கையாலேயே திருப்பி வைத்தார். "இடது காலை இழுக்கறதுக்கு முன்னாடி இந்தப் பாதத்தைத் திருப்பிடணும் கண்ணா. பாதம் ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம் போச்சுன்னா முட்டி போயிடும். ட்ரை பண்ணு." சிறுமி இழுத்துப் பார்த்து, "இட் டஸன்ட் ஹர்ட் நவ்" என்றாள்.

இதோ, மன்னித்தாகிவிட்டது என்று மானஸா நினைத்தாள். அனன்யாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாரி ஆன்ட்டி, ரொம்ப தேங்க்ஸ்" என்றாள்.

"இருக்கட்டும்னு சொல்ல நான் வரல" என்றார் ஆன்ட்டி. "ஈவினிங் ஃபைனல்ல என் பேரைச் சொல்லச் சொல்லு. என் போன் நம்பரோட."

"ஐயோ, ஒரிஜினல் கேட்டகரி ஆன்ட்டி. டீச்சர் சொந்தமா அமைச்சதை மட்டும்தான் ஆடணும். டிஸ்க்வாலிஃபை பண்ணிடுவாங்க. பசங்க எவ்ளோ நாளா பிராக்டீஸ் பண்ணியிருக்காங்க."

"பசங்க ஆடட்டும், ப்ரைஸ் வேணாம். பேரு இல்லாததால எனக்கு ஒண்ணும் குறையலன்னுதான் இத்தனை வருஷமும் நினைச்சிட்டு இருந்தேன். குறைஞ்சது எனக்கில்ல, இந்தக் குழந்தையோட முட்டிக்கு. பேரும் நம்பரும் இருந்திருந்தா நீ போன் பண்ணிக் கேட்டிருப்ப இல்ல?"

அனன்யா சிறுமிகளை ஒரு முறை பார்த்தாள். பிறகு அறிவிப்பாளரைத் தேடிப் போனாள்.

சாயங்காலம், 'கொரியோகிராஃபி ஷ்யாமளா, சான் ரமோன்' என்று மைக்கில் கேட்டது. நம்பரையும் அறிவிப்பாளர் படித்தார். கொரியோகிராஃபருக்கு எதற்குப் போன் நம்பர் என்று கூட்டம் சிரித்தது. போட்டிக்கு வெளியே நின்று சிறுமிகள் ஆடினார்கள், பாதத்தைத் திருப்பி, காலை இழுத்து, அமர்க்களமாக. அவர்களுக்குப் பரிசு கிடையாது. மானஸா வெட்கமே இல்லாமல் அழுதாள்.

மறுநாள் ஏர்போர்ட்டில் விமானத்துக்குக் காத்திருந்தபோது ஆன்ட்டியின் போன் அடித்தது. ஆன்ட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஷ்யாமளா ஆன்ட்டிங்களா? நியூஜெர்சிலேருந்து சாந்தி பேசறேன். நேத்து என் தங்கச்சி அந்த ஆடிட்டோரியத்துல இருந்தா, அவதான் நம்பர் கொடுத்தா. நாங்களும் இங்க உங்க டான்ஸைத்தான் ஆடறோம் ஆன்ட்டி. கிளாஸ்ல ரெண்டு பொண்ணுங்களுக்கு வலி. யாரைக் கேக்கறதுன்னே தெரியாம ஆடிட்டு இருந்தோம்."

தன் குருவின் பெயர் எங்கெல்லாமோ ஜொலிக்க வேண்டும் என்று சண்டைக்குக் கிளம்பி வந்த மானஸா, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் எத்தனை ஊர்களில், எத்தனை குழந்தைகள்?

போர்டிங் அறிவிப்பு வந்தது. ஆன்ட்டி எழுந்திருக்கவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "சொல்லு சாந்தி, எந்த முட்டி வலிக்குதாம்?" என்றார்.