உப்புத்துறையில் இரண்டாவது ஆள்

மனித வரலாற்றில் இதுவரை ஒரு டிரெய்லர்கூட உண்மை பேசியதில்லை. நெருப்பைக் கண்டுபிடித்தவன்கூடக் கல்லை உரசுவதற்கு முன்னால் குகை குகையாகப் போய் "வருது, வருது" என்று சொல்லி வைத்திருப்பான். கூட்டம் கூடிய பிறகு வந்தது என்னவோ புகைதான். ஆகவே, முன்பதிவு செய்கிறவன் விளையாட்டை வாங்கவில்லை, புகையை வாங்குகிறான்.

இதைக் கல்லூரி கேன்டீனில், கைப்பேசியைத் தண்ணீர் டம்ளர்மேல் சாய்த்து வைத்து, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொல்லி முடித்தான் தீர்ப்பு. பெற்றோர் வைத்த பெயர் வேறு. வீடியோ கேம்களைக் கிழித்துத் தொங்கவிட்டு அவன் போடும் விமர்சன வீடியோக்கள் எல்லாம் "இத்துடன் தீர்ப்பு வழங்கப்படுகிறது" என்று முடியும். அதனால் கல்லூரியில் அதுவே பெயராகிவிட்டது. சில பேராசிரியர்கள்கூட வருகைப் பதிவின்போது தடுமாறினார்கள்.

எதிரே அவனுடைய நண்பன் ஸ்பீக்கர், பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தான். ரகசியம் சொன்னாலே பக்கத்து வகுப்புக்குக் கேட்கும் தொண்டை அவனுக்கு.

"மச்சி, ரெக்கார்டிங் முடிஞ்சுதா? ஏன்னா நான் இப்பதான் ஒண்ணு முன்பதிவு பண்ணிட்டு வந்தேன்."

"எந்தப் புகைய?"

"உப்புத்துறை மறுபிறவி. அந்தப் பழைய கேம புதுசாப் போடறாங்கடா. டிரெய்லர் பாரு, அழுதுடுவ."

தீர்ப்பு பார்த்தான். அழவில்லை. கறுத்த கடல், உடைந்த படகுத்துறை, விளக்கேந்திய ஒருவன், அவன் பின்னால் இன்னொருவன். கடைசியில் எழுத்துகள் மிதந்து வந்தன: 'உலகின் எந்த மூலையில் இருந்தாலும், இனி இருவர் சேர்ந்தே நடக்கலாம்.'

"இனியாம்!" என்றான் தீர்ப்பு. "பழசுலயே ரெண்டு பேர் ஆடலாம்டா. இருந்ததையே எடுத்து, துடைச்சு, திரும்ப நம்மகிட்டயே விக்கறான். நானும் எங்க அண்ணனும் லீவு லீவா ஆடியிருக்கோம். அவன் விளக்கு. நான் ரெண்டாவது ஆளு."

"பழசு ஒத்த ஆள் கேம் மச்சி."

"உளறாத."

"பின்னாடி வரவன் துணையாள்டா. அவன் தானா வருவான். அவன யாரும் ஓட்ட முடியாது. நீ எதை அமுக்கிக்கிட்டு இருந்த?"

அண்ணன் என்ற சொல் வந்துவிட்டதால் ஸ்பீக்கரின் குரல் அதற்குள் பாதியாகியிருந்தது. அதுதான் தீர்ப்புக்கு எரிச்சல். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், குரலைத் தணித்தால் தாங்க முடிவதில்லை.

அண்ணன் வீட்டைவிட்டுப் போனபோது தீர்ப்பு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவோடு ஒரு வாய்ச்சண்டை, தோளில் ஒரு பை, வாசலில் செருப்பைத் தேடிய சத்தம். "வந்துடுவேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அதன்பிறகு ஒரு குரல், ஒரு குறுஞ்செய்தி கிடையாது. அவன் எண்ணை அழைத்தால், அப்படி ஓர் எண்ணே உலகத்தில் இல்லை என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். அப்பா வேலைக்குப் போனார், வந்தார், வாய் திறக்கவில்லை. தீர்ப்பின் கணக்கில் அந்த வீட்டில் வெளியான முதல் டிரெய்லர் அந்த "வந்துடுவேன்மா"தான். வெளியீட்டுத் தேதி இன்றுவரை அறிவிக்கப்படவில்லை.

அம்மா அந்த டிரெய்லரை முழுசாக நம்பினாள். அவள் தையல்காரி. வருஷத்துக்கு ஒருமுறை பெரியவனுக்கு ஒரு சட்டை தைப்பாள். அளவெடுக்க ஆள் இல்லாததால், போன வருஷச் சட்டையைவிடத் தோளில் கொஞ்சம் தாராளம் விட்டு வெட்டுவாள்.

"வராத ஆளுக்கு முன்பதிவா?" என்று ஒருமுறை அவன் கேட்டான்.

"உன் சட்டைல பொத்தான் எங்க? அத மொதல்ல தேடு" என்றாள் அம்மா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

அன்று மதிய வகுப்பைக் கட் அடித்துவிட்டுத் தீர்ப்பு நேராக வீட்டுக்கு வந்தான். பழைய விளையாட்டைப் போட்டுக் காட்டி, இருவர் ஆடலாம் என்று நிரூபித்து, ஸ்பீக்கரின் முன்பதிவை ஊரறியக் கிழிப்பது திட்டம். முன்னறையில் அம்மா ஜன்னலோரமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலிமேல் ஏறிப் பரணிலிருந்த பெட்டியை இழுத்தான். தூசுக்குத் தயாராக மூச்சைப் பிடித்திருந்தான். தூசு இல்லை. ஒயர்கள் ஒவ்வொன்றும் துணிக் கரையால் அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தன.

தையல் மெஷின் ஒரு கணம் நின்றது. பிறகு, ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது.

டிவியில் மாட்டும்போதுதான் அவன் கன்சோலின் முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தான். கன்ட்ரோலர் செருகும் துளைகள் இரண்டு. முதல் துளைக்குள் செம்பு ஊசிகள் மின்னின. இரண்டாவது துளைக்குள் கைப்பேசி விளக்கை அடித்தான். ஊசிகள் இல்லை. வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் சுவர். மலிவான நகல் கன்சோல். பார்வைக்கு இரண்டு துளை, வேலைக்கு ஒன்று.

"அடப்பாவி அண்ணா" என்று வாய்விட்டே சொன்னான். அத்தனை லீவும், கட்டைவிரல் கன்றிப்போகும்வரை, சுவரில் செருகிய கன்ட்ரோலரை அவன் அமுக்கியிருக்கிறான். பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து "நான்தான் ஓட்டறேன்" என்று கையைச் சுழற்றும் குழந்தைக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் அதிகாரம் உண்டு.

சிரிப்பு வந்தது. சிரித்தான். அது ஏனோ நடுவில் அறுந்துபோயிற்று.

விளையாட்டு எழுந்தது. நினைவில் அது உலகத்திலேயே பெரிய கடல். திரையில் இருந்தது குளியலறைத் தரை மாதிரி நீலக் கட்டங்கள். அலை என்பது அந்தக் கட்டங்கள் விட்டுவிட்டு நகர்வது. 'சின்ன வயசும் ஒரு டிரெய்லர்தான்' என்று அடுத்த வீடியோவுக்கு ஒரு வரி கிடைத்தது. சேமித்து வைத்த ஆட்டம் ஒன்றே ஒன்று இருந்தது, அண்ணனுடையது. திறந்தான்.

விளக்கேந்தியவன் படகுத்துறைக் குடிசைக்குள் நின்றான். மூலையிலிருந்த பெஞ்சில் துணையாள், முதுகைக் காட்டி, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆடிய நேரம் என்று மேலே ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தூங்காமல் கொள்ளாமல் ஆடியிருந்தாலும் அவ்வளவு நேரம் வராது.

"அம்மா, இத யாரு போட்டது?"

"நான்தான்." மெஷின் நிற்கவில்லை. "நீங்க எல்லாம் போனப்புறம் போட்டு வச்சிருப்பேன். அதுல வர பாட்டக் கேட்டுக்கிட்டே இருந்தா வீட்ல ரெண்டு பேரும் இருக்கற மாதிரி இருக்கும். நீ வரதுக்குள்ள எடுத்து வச்சிடுவேன்."

"ஏன் ஒளிக்கணும்?"

"நீ தீர்ப்பு சொல்வியே."

அவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஆடத் தெரியுமா உனக்கு?"

"எனக்கெதுக்கு ஆட்டம்? நான் ஒண்ணையும் தொட மாட்டேன். அவனே எப்பவாவது எழுந்திரிப்பான். கதவுகிட்டப் போய் நிப்பான். யாராவது வராங்களான்னு பாத்துட்டுத் திரும்ப வந்து உக்காந்துப்பான்." அம்மா துணியைத் திருப்பிப் போட்டாள். "போறதுக்கு முன்னாடி ஒரு குதி குதிப்பான் பாரு. அப்படியே நீதான்."

தீர்ப்பின் கை நின்றது. ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் பட்டனை ஒருமுறை அமுக்கிக் குதிப்பது அவன் பழக்கம். "என்னடா, கதவுக்கு வணக்கம் வைக்கறியா?" என்று அண்ணன் தலையில் தட்டுவான். ஆனால் அவன் அமுக்கிய கன்ட்ரோலர் வெறும் பிளாஸ்டிக் சுவரில்தான் செருகியிருந்தது.

"அது புரோகிராம்மா" என்றான், குரலை நிமிர்த்தி. "ரொம்ப நேரம் தொடலன்னா பொம்மைய இப்படி அப்படி அசைய வைப்பாங்க. உயிர் இருக்கற மாதிரி ஒரு பில்டப்பு. இப்ப பாரு, நான் வெளிய போனா நாய்க்குட்டி மாதிரிப் பின்னாடியே வந்துடுவான்."

விளக்கேந்தியவனைக் குடிசையின் பின்வாசல் வழியாக நடத்தினான். நடத்தும்போதே அது வேண்டாத வேலை என்று உள்ளே ஒன்று சொன்னது. நிரூபிக்க ஆரம்பித்துவிட்டால் நிறுத்துகிற சுபாவம் அவனுக்குக் கிடையாது.

துணையாள் வரவில்லை.

பெஞ்சிலிருந்து எழுந்தான். மூடிய முன்கதவுக்குப் போனான். ஒரு குதி குதித்தான். பிறகு திரும்பிப் பார்த்தான். விளக்கு இருந்த பக்கம் அல்ல. டிவி கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஜன்னலோரம், மெஷின் இருந்த திசையில். அந்தக் காலத்துப் பொம்மைக்கு முகம் என்று ஒன்று கிடையாது, இரண்டு கறுப்புப் புள்ளிகள்தான். அவை அங்கேயே நின்றன.

மெஷின் நின்றுவிட்டது.

கதவு திறந்தது. வெளியே நீலக் கட்டங்கள்கூட இல்லை, வெறும் கறுப்பு. துணையாள் அதற்குள் நடந்து போனான். கதவு திறந்தபடியே கிடந்தது. பாட்டும் நின்றுபோயிற்று.

"எங்கடா போறான்?"

"வருவான்மா. லோடாகுது."

"கூப்பிடுடா அவன."

விளக்கேந்தியவன் துணையாளைக் கூப்பிட ஒரு பட்டன் உண்டு. தீர்ப்பு அமுக்கினான். "ஓய்!" என்றது திரை. கறுப்புக்குள்ளிருந்து "ஓய்" என்று பதில் வந்தது. மறுபடி அமுக்கினான். பதில் வந்தது, கொஞ்சம் தள்ளி. மறுபடி. இன்னும் தள்ளி, ஒரு தெரு தாண்டிப் போய்விட்டவன் திரும்பாமலே சொல்வதுபோல். மறுபடி அமுக்கினான். டிவி மௌனமாக இருந்தது.

பிறகு "ஓய்" கேட்டது. அது டிவியிலிருந்துதான் வந்ததா என்று அவனால் சத்தியம் செய்ய முடியாது. மாடிப்படிப் பக்கமிருந்து வந்த மாதிரி இருந்தது.

அம்மா அதற்குள் எழுந்திருந்தாள். மடியிலிருந்த துணி தரையில் விழுந்தது. அவள் வாசல் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை விரியத் திறந்தாள். படிக்கட்டில் வெயில் இருந்தது. கீழ்வீட்டுக் குழந்தையின் சைக்கிள் இருந்தது. வேறு யாரும் இல்லை. அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தெரு முனைவரை பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உள்ளே வந்தபோது கதவைச் சாத்தவில்லை.

தீர்ப்பு கன்சோலை அணைத்துப் போட்டான். ஆட்டம் பழைய இடத்திலேயே தொடங்கியது. குடிசை, விளக்கு, பெஞ்சு. பெஞ்சில் யாரும் இல்லை. திரும்ப அணைத்துப் போட்டான். இல்லை.

அவன் பின்கட்டுக்குப் போய் ஸ்பீக்கரை அழைத்தான்.

"டேய், பழசுல அந்தத் துணையாள் முன்கதவத் திறந்துகிட்டு வெளிய போவானா?"

"எந்தக் கதவு, படகுத்துறைக் குடிசைலயா? அது கதவே இல்ல மச்சி. சுவத்துல வரைஞ்ச படம். நானும் எவ்வளவோ முட்டிப் பாத்தேன், திறக்கவே திறக்காது." பின்னாலிருந்த கேன்டீன் இரைச்சல் மெதுவாகக் குறைந்தது. ஸ்பீக்கர் வெளியே வந்துவிட்டான் போலிருந்தது. "ஏன்டா? குரலு ஒரு மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்ல. காப்பி டிஸ்க். பிழை."

"அண்ணன் ஏதாவது..."

"வைடா."

முன்னறையில் அம்மா மறுபடி தைக்க உட்கார்ந்திருந்தாள். பாட்டு இல்லாமல் மெஷினின் சத்தம் வேறு மாதிரி இருந்தது, யாரோ நெடுந்தூரம் ஓடிவந்து மூச்சுவாங்குவதுபோல். டிவிப் பக்கம் அவள் திரும்பவில்லை. 'அது புரோகிராம்மா' என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தான். எந்தப் புரோகிராம் என்று அவள் கேட்டால் சொல்லத் தெரியாது. அவளுக்குப் பகல் முழுக்கத் துணையிருந்த ஒருவனை, வாதத்தில் ஜெயிப்பதற்காக எழுப்பி அனுப்பிவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

"அம்மா."

"ம்."

"அந்தக் கேம் புதுசா வருதாம். ரெண்டு பேர் ஆடலாமாம். ஒருத்தன் எங்கயோ இருந்தாக்கூட."

மெஷின் நின்றது. "எங்க இருந்தாலுமா?"

"அப்படித்தான் சொல்றாங்க. சொல்றதுதான். வந்து பாத்தாத்தான் தெரியும்."

"அவன் பாத்திருப்பானா இத?"

தீர்ப்பு வாயைத் திறந்தான். இந்த நிறுவனம் இதற்குமுன் அடித்த பீலா என்னென்ன, முன்பதிவு என்பது எப்படிப்பட்ட கண்கட்டு, எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் இருந்தது.

"பாத்திருப்பான்மா. அவனுக்குப் பிடிச்ச கேமாச்சே" என்றான்.

அம்மா தலையை ஆட்டிவிட்டுத் தையலுக்குத் திரும்பினாள்.

அவன் தரையில் உட்கார்ந்து, சுவரோடு சாய்ந்து, கைப்பேசியை எடுத்தான். கேன்டீனில் எடுத்து ஏற்றியிருந்த வீடியோவுக்குக் கீழே அதற்குள் யாரோ எழுதியிருந்தார்கள்: 'கண்ணைத் திறந்துவிட்டீர்கள் சகோ. இனி வாழ்நாளில் முன்பதிவே செய்ய மாட்டேன்.' அதற்கு ஒரு கைகூப்பு போட்டான். பிறகு, திறந்து கிடந்த வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, உப்புத்துறை மறுபிறவியின் பக்கத்துக்குப் போய், இருவர் பதிப்பைத் தேர்ந்து, முன்பதிவு செய்தான்.