இரண்டு நாள் கச்சேரி, ஒரே கேசட்டு

ஜெர்மனியிலிருந்து வீடியோ கேசட்டு வந்த சேதி ஜம்புலிங்கத்துக்குத் தெரியும் முன்பே செராமிக் எஸ்டேட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. தபாலை வாங்கிய வாட்ச்மேன், அதைக் கையில் தூக்கிப் பிடித்தபடி ஷெட்டு ஷெட்டாக அவனைத் தேடிக்கொண்டு போனதுதான் காரணம். நாலு ஷெட்டு தள்ளி, கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி சுலோச்சனாவிடம் பக்கத்து பெஞ்சுக்காரி சொன்னாள்.

"உங்க வூட்டுக்காரரு பாடுன படம் வந்துட்டுதாம்."

அந்தப் படத்தைப் பற்றி சுலோச்சனா எட்டு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தொண்ணூத்தொண்ணு ஜூனில் கம்பெனிக்காரர்கள், புதிதாக வாங்கிய சூளையை ஓட்டக் கற்றுக்கொண்டு வா என்று ஜம்புலிங்கத்தை ஏழு மாசம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்ன ஊர். ஹில்டா அம்மா என்று ஒருத்தர் வீட்டு மாடியில் தங்கல். சாயங்காலமானால் பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனை அந்தம்மாதான் ஊர்ப் பாட்டுக்கூட்டத்துக்கு இழுத்துப் போனாராம். ரொட்டிக் கடைக்காரர், வாத்தியார், ஃபேக்டரி ஆளுங்க என்று முன்னூறு பேர். நாலு மாசம் பயிற்சி. பழைய மாதா கோயிலில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெரிய வாத்தியக் கோஷ்டியோடு சிம்பொனி. "ரெண்டு நாளும் பாடுனேன். ரெண்டு நாளும் படம் புடிச்சாங்க" என்று திரும்பி வந்தவன் எல்லோரிடமும் சொன்னான்.

அந்த ஏழு மாசத்தில்தான் சுலோச்சனாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து, மறுநாளே போய்விட்டது. ஆண் குழந்தை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

படம் பார்க்க டெக்கு வேண்டுமே. மங்கலம்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நூர் முகம்மது, சுலோச்சனா வேலை செய்யும் யூனிட்டில் கப்பு எடுக்க வருகிறவர். பதினோரு வருஷம் சவுதியில் இருந்து கலர் டிவியும் டெக்கும் கொண்டு வந்தவர். "ஞாயித்துக்கிழம வூட்டுக்கே வந்துடுங்க ஜம்பு" என்றார். காலையில் சாப்பிட்டுவிட்டு, எட்டாவது படிக்கும் மகள் வெண்மதியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். கேசட்டோடு ஹில்டா அம்மா இங்கிலீஷில் எழுதிய கடிதமும் இருந்தது. படித்துச் சொல்ல வெண்மதி அதைப் பையில் வைத்திருந்தாள்.

நூர் முகம்மதுவின் மனைவி ஜைத்தூன் பீவி டீ கொடுத்துவிட்டு டெக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அந்த வீட்டில் டெக்கைத் தொடுகிற உரிமை அவளுக்குத்தான்.

படம் ஓடியது. முதலில் மாதா கோயில் கோபுரம், அப்புறம் ஜனம். அப்புறம் வயலின்காரர்கள், ஊதுகிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் படிப்படியாக ஏறிப் போன பலகைகளில் கறுப்பு உடையில் முன்னூறு பேர். கையில் சின்னக் குச்சியோடு ஒருவர் வந்து குனிந்து நிமிர்ந்தார். வாத்தியங்கள் தொடங்கின. கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. பின்னால் இருந்த முன்னூறு பேரும் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்களே ஒழிய ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

"எப்பங்க பாடுவீங்க?" என்று சுலோச்சனா மெதுவாகக் கேட்டாள்.

"நாலாவது பாகத்துல. அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்."

"அத்தினி பேரும் சும்மாவா?"

"சும்மா இல்ல. உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கணும்."

நூர் முகம்மது இரண்டு தடவை கொட்டாவி விட்டார். ஜைத்தூன் பீவி கேட்காமலேயே பட்டனை அமுக்கி வேகமாக ஓட்டினாள். குச்சிக்காரர் பேய் பிடித்தவர்போலக் கையை வீசினார். சட்டென்று முன்னூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அவள் விரலை எடுத்தாள். அடுத்த நொடி கிளம்பிய சத்தத்தில் தெருவில் போன இரண்டு பேர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

சுலோச்சனாவுக்கு அது பாட்டா, சண்டையா, சாமி வந்து கத்துகிற கத்தலா என்று பிடிபடவில்லை. எல்லோர் முகமும் சிவந்திருந்தது. சில பேர் அழுகிற மாதிரி இருந்தது. அப்போது வெண்மதி, "அப்பா" என்று டிவியைத் தொட்டுக் காட்டினாள். மூன்றாவது வரிசை, இடது ஓரம். கறுப்பு கோட்டுக்குள் ஜம்புலிங்கம். வாயை அகலத் திறந்து, புருவத்தைத் தூக்கிக்கொண்டு. பக்கத்தில் மஞ்சள் முடியோடு நெட்டையாக ஒரு பெண். சுலோச்சனா தன்னையறியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பெருமையாகத்தான் இருந்தது.

படம் வயலினுக்குப் போய், மேளத்துக்குப் போய், மறுபடி அதே மூன்றாவது வரிசைக்கு வந்தது. அங்கே ஜம்புலிங்கம் இல்லை. தாடி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் நின்று பாடிக்கொண்டிருந்தான். அடுத்து வந்தபோது ஜம்புலிங்கம் இருந்தான். அதற்கடுத்து மறுபடி தாடிக்காரன்.

"என்னா அண்ணே, இருக்கீங்க, காணாமப் போறீங்க, வரீங்க" என்றாள் ஜைத்தூன் பீவி. படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டாள். அதே கதைதான்.

"கேமராக்காரன் வேற ஏதாவது பண்ணியிருப்பான்" என்றான் ஜம்புலிங்கம். அவன் குரல் சரியில்லை. டிவியைப் பார்க்காமல் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெண்மதி கடிதத்தைப் பிரித்து, தெரிந்த வார்த்தைகளைக் கோத்து, "ரெண்டு நாளும் எடுத்த படத்தயும் சேத்து ஒண்ணாக்கியிருக்காங்களாம்ப்பா. எது நல்லா வந்துச்சோ அத எடுத்துக்கிட்டாங்களாம்" என்றாள்.

"அப்ப அண்ணன் ஒரு நாள் மட்டம் போட்டுட்டாரு" என்று ஜைத்தூன் பீவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே படத்தைத் தாடிக்காரனிடம் நிறுத்தியவள், ஏதோ பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சுலோச்சனாவும் அதைப் பார்த்தாள். தாடிக்காரன் நிற்கிற இடங்களில் எல்லாம் அந்த மஞ்சள் முடிக்காரியும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள். "பக்கத்துல நின்னது யாரு?"

"ஹில்டா அம்மாதான்."

"வயசானவங்கன்னு சொன்னீங்க."

"அறுவது வயசு ஆவுது சுலோ."

"அப்படித் தெரியல."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரெண்டு நாளும் பாடினேன் என்று ஊரெல்லாம் சொன்னான்; ஒரு நாள் பாடவில்லை என்கிறது படம். அவன் இல்லாத நாளில் அவளும் இல்லை. அந்த வாரம் முழுக்க சுலோச்சனா கப்புக் கைப்பிடிகளைக் கோணலாக ஒட்டினாள். சூப்பர்வைசர் ஒரு பலகை நிறைய எடுத்து மண்ணோடு மண்ணாகப் பிசையச் சொன்னார். அறுபது வயசுக்காரியை நினைத்து ஆத்திரப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அறுபதுதானா என்றும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அலமாரியைத் துடைக்கும்போது கேசட்டு டப்பாவின் முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். எழுத்து புரியவில்லை. எண்கள் புரிந்தன. இரண்டு, மூன்று; அப்புறம் பதினொன்று; அப்புறம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு.

நவம்பர் இரண்டாம் தேதி அவளுக்குப் பிள்ளை பிறந்தது. மூன்றாம் தேதி விடியக்காலை செத்தது. அன்று சாயங்காலம் அவள் அண்ணன் வெற்றிவேல் பஸ் ஸ்டாண்டு எதிரே எஸ்.டி.டி பூத்துக்குப் போய் ஜெர்மனிக்குப் போன் போட்டான். யாரோ ஒரு பொம்பளை எடுத்தாள். பேபி டெட், பேபி டெட் என்று மூன்று தடவை சொன்னேன், புரிந்ததோ இல்லையோ, லைன் போய்விட்டது என்றான். அப்புறம்தான் கடிதம் போட்டார்கள். கடிதம் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது, அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஜம்புலிங்கம் பதில் எழுதியிருந்தான். போன் பண்ணக்கூடத் துப்பில்லாதவன் என்று வீட்டில் எல்லோரும் வெற்றிவேலை ஏசினார்கள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு சுலோச்சனா தனியாக மங்கலம்பேட்டைக்குப் போனாள். நூர் முகம்மது கடையில் இருந்தார். ஜைத்தூன் பீவி எதுவும் கேட்காமல் நாலாவது பாகத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

எது சனிக்கிழமை, எது ஞாயிற்றுக்கிழமை என்று அந்தப் படத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? அதே கோயில், அதே கறுப்பு உடை, அதே குச்சிக்காரர். ஞாயிற்றுக்கிழமை அவன் பாடியிருந்தால், அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் சொன்னது நிஜம். ஆனால் பிள்ளையைப் புதைத்த அன்றைக்கு வாயை அத்தனை அகலம் திறந்துகொண்டு நின்றிருக்கிறான். பாடாமல் இருந்திருந்தால், அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வரவில்லை. பத்து மாசமாகப் பொய் சொல்கிறான். இந்த இரண்டில் எது நிஜமாக இருந்தால் தனக்கு ஆகும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜம்புலிங்கம் வரும்போதும் நெஞ்சு அடித்தது, தாடிக்காரன் வரும்போதும் அடித்தது.

விஷயத்தைக் கேட்ட ஜைத்தூன் பீவி டிவியை நிறுத்தினாள். "எங்க அத்தா மவுத்தாகி அடக்கம் பண்ணுனப்ப இவங்க சவுதியில இருந்தாங்க. லீவு குடுக்கலன்னு சொன்னாங்க. லீவு கேட்டாங்களான்னு நான் இன்னைக்கு வரைக்கும் கேக்கல. நீ கேட்டுடு சுலோச்சனா."

ஞாயிற்றுக்கிழமை காலை ஜம்புலிங்கம் வீட்டுக்குப் பின்னால் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெண்மதி டியூஷனுக்குப் போயிருந்தாள். சுலோச்சனா கேசட்டு டப்பாவோடு போய் நின்றாள்.

"மூணாந்தேதி நீங்க எங்க இருந்தீங்க?"

அவன் டப்பாவைப் பார்த்தான். துணியைக் கீழே வைக்கவில்லை. சக்கரத்துக் கம்பிகளை ஒன்றொன்றாகத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"ஒன்றரை மணி இருக்கும். கோட்டு போட்டுக்கிட்டு கெளம்பி நின்னேன். போன் வந்துது. அந்தம்மாதான் எடுத்தாங்க. மச்சான் சொன்னது அவங்களுக்கு நல்லாவே புரிஞ்சுடுச்சு. என்ன உக்கார வெச்சு சொன்னாங்க. நான் போவல. அவங்களும் போவல."

"அப்புறம்?"

"உருளக்கெழங்கு உரிச்சேன்."

"என்னாது?"

"கைக்கு ஏதாவது வேல வேணும்னு தோணுச்சு. சமையக்கட்டுல ஒரு கூடை கெழங்கு இருந்துது. இருட்டுற வரைக்கும் உரிச்சேன். அவங்க எதிர்ல உக்காந்துக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணும் பேசல. பேசுனாலும் எனக்குப் புரிஞ்சிருக்காது."

"ஏன் வரல?"

"கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். வந்தா வந்ததுதான், திருப்பி அனுப்ப மாட்டோம், வேற ஆள அனுப்பிப்போம்னாங்க. ரெண்டு மாசந்தான் பாக்கி. புள்ளையத்தான் பொதச்சாச்சேன்னு நெனச்சேன்." துணியைப் பிழிந்தான். "நீ இருந்தியே, அத நெனக்கல. நெனச்சப்போ நாள் போயிடுச்சு. தெரிஞ்சும் வரலன்னு எழுதக் கை வரல."

சுலோச்சனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பொய் சொன்னதற்குக் கோபம் வந்தது. அன்று அவன் பாடவில்லை என்பதில் ஏதோ ஒரு ஆறுதலும் வந்தது. ஆறுதல் வந்ததே என்று அதன்மேல் மறுபடி கோபம் வந்தது.

"எங்கண்ணன எல்லாரும் ஏசுனாங்க. நீங்களும் ஏசுனீங்க" என்றாள் கடைசியில்.

அன்று மத்தியானமே ஜம்புலிங்கம் வெற்றிவேல் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தான். வெற்றிவேல், "அந்தம்மாவுக்குப் புரிஞ்சுதான் இருக்குது" என்று மட்டும் சொன்னானாம்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. கம்பெனியில் சூளைக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, மத்தியானம் எல்லோருக்கும் ஜம்புலிங்கம் பாடின படத்தைப் போடுவது என்று மேனேஜர் தர்மராஜ் ஏற்பாடு செய்துவிட்டார். நூர் முகம்மதே டிவியையும் டெக்கையும் வேனில் கொண்டு வந்தார். கேசட்டு பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஜம்புலிங்கம் கேட்டான். "இன்னொரு பொய்யா? போடட்டும்" என்றாள் சுலோச்சனா.

பேக்கிங் ஷெட்டில் வைக்கோல் மூட்டைகள்மேல் எண்பது பேர் உட்கார்ந்தார்கள். நாலாவது பாகம் மட்டும் ஓடியது. அவன் முகம் வந்ததும் விசில் பறந்தது. அடுத்து தாடிக்காரன் வந்ததும் சலசலப்பு எழுந்தது.

"ஜம்பு, எங்க போயிட்ட?" என்று முன்னாலிருந்து சாமிதுரை கேட்டான். அவன்தான் வெளிநாட்டுக்குப் போக அடுத்துக் காத்திருந்தவன். "பாடத் தெரியாம எறக்கி வுட்டுட்டாங்களா?"

சிரிப்பு கிளம்பியது. ஜம்புலிங்கம் கதவோரம் நின்றிருந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து சுலோச்சனா எழுந்தாள். அத்தனை பேர் நடுவில் அவள் அதற்கு முன்னால் பேசியதில்லை.

"இது மறுநாள் எடுத்தது" என்றாள். "அன்னைக்கு எங்க வூட்டுல சாவு. அவருக்குப் போன் வந்துது. அதான் அவரு பாடப் போவல."

சாமிதுரை தலையைக் குனிந்துகொண்டான். பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். டெக்கை நிறுத்தவா என்பதுபோல நூர் முகம்மது பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். முன்னூறு பேரும் ஒரே மூச்சில் பாடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் அது அவளுக்குப் பாட்டாகப் படவில்லை. ஆனாலும் கடைசிவரை நின்றபடியே கேட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது ஜம்புலிங்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தான். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போகும் வரை இருவரும் நின்றார்கள்.

"எம்மேல கோவம் போச்சா?" என்று கேட்டான்.

"தெரியல."

"அங்க எல்லார் முன்னாலயும் நான் ஏன் பாடப் போவலன்னு எதுக்குச் சொன்ன?"

அவள் கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்தாள்.

"அதுவும் தெரியலங்க" என்றாள். கேட் திறந்தது.