நாற்பத்தொன்றாம் நம்பர் ஆல்டர்பி

என் வீட்டுக்காரர் ஜாஸ்பர் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஜீப் ஓட்டுகிறார். ஜீப்பின் நெற்றியில் மஞ்சள் பெயின்டில் 'ஆல்டர்பி' என்று எழுதியிருக்கும். அது அவர் பெயரின் பின்பாதி. மலையில் ஆல்டர்பி எஸ்டேட்டைத் தொடங்கிய வெள்ளைக்காரத் துரையின் பெயரும் அதுதான். அந்தத் துரைதான் தன்னுடைய பூட்டன் என்று இவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு கதை உண்டு. துரை புலி சுட்ட இடம், துரை குதிரையைக் கட்டிய மரம். கடைசி வளைவில் வண்டியை நிறுத்தி, சாவியில் தொங்கும் பித்தளை வில்லையைத் தூக்கிக் காட்டுவார். அதில் இங்கிலீஷில் ஆல்டர்பி என்றும், கீழே 41 என்றும் வெட்டியிருக்கும். "எங்க பூட்டன் குதிரைப் பந்தயத்துல வாங்கின மெடலு. நாப்பத்தொண்ணு அவர் குதிரை நம்பரு" என்பார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே அந்த வில்லையைக் காட்டினார். நானும் வாயைப் பிளந்துகொண்டு நம்பினேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குதிரைக்கு நானும் சேர்ந்து தீனி போட்டிருக்கிறேன்.

அதன் வினை ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தாலுகா ஆபீஸில் வந்து நின்றது.

எங்கள் மகள் ஜெபசீலிக்கு அரசு நர்சிங் கல்லூரி கவுன்சிலிங். சாதிச் சான்றிதழை அன்று மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லையென்றால் அந்த சீட் வேறு யாருக்கோ போய்விடும். பள்ளிக்கூடத்தில் மூன்று தடவை அந்தச் சான்றிதழை வாங்கி வரச் சொன்னார்கள். மூன்று தடவையும் இவர் "துரை வம்சத்துக்கு அதெல்லாம் எதுக்கு" என்று தட்டிக் கழித்தார். இப்போது குடிமுழுகும் நேரத்தில் ஓடி வந்திருக்கிறோம்.

துணை தாசில்தார் விஜயகுமார் எங்கள் மனுவைப் புரட்டினார். பிறகு என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைத் தெரியலையா? போன மாசம் குடும்பத்தோட உங்க ஜீப்லதான் மலைக்கு வந்தேன்."

மனுவை மேஜைமேல் வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"உங்க பூட்டன் வெள்ளைக்காரர்னு நீங்களே சொன்னீங்க. மெடலைக் கூடக் காட்டினீங்க. இப்ப உள்ளூர்ச் சாதின்னு மனுப் போட்டிருக்கீங்க. உங்க டி.சி.யில சாதி இடத்துல கிறிஸ்தவர்னு மட்டும் இருக்கு. தாத்தாவோட ஞானஸ்நானச் சீட்டுல 'ஆல்டர்பி மகன் யாக்கோபு'ன்னு இருக்கு. நான் எதை நம்புறது?"

"அது சும்மா டூரிஸ்ட்டுக்குச் சொல்றது சார்" என்றேன் நான் முந்திக்கொண்டு.

"அவர் சொல்லட்டும்மா. நீங்க சொல்லுங்க, அது பொய்யா?"

ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் போதும். பின்னால் வரிசையில், இவரோடு அதே ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் சின்னச்சாமி ஏதோ பட்டாவுக்காக நின்றுகொண்டிருந்தார். அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார்:

"எங்க அப்பாரு சொன்னாக சார். அதைப் பொய்யின்னு நான் எப்படிச் சொல்ல?"

அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஜெபசீலி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விஜயகுமார் கெட்டவர் இல்லை. "காதால கேட்டுட்டு, கேக்காத மாதிரி நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. இந்தப் பேரு ரத்தத்துல வந்தது இல்ல, இன்னார் வழின்னு காட்டுற பழைய ஆதாரம் எதுனா கொண்டாங்க. நாலரை மணிக்கு எனக்கு கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங். அதுக்குள்ள வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் நான் கம்பத்துக்குப் போன் போட்டேன். அங்கே திராட்சை வியாபாரம் செய்யும் சேக் பரீத் பாயின் கடைக்கும் ஆல்டர்பி கடை என்றுதான் பெயர். ஒருநாள் திராட்சை வாங்கும்போது, அவருடைய பாட்டனார் எஸ்டேட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றிய கழுதைகளை ஓட்டியவர் என்று சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்காத மாதிரி அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டார்.

பாய் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "தங்கச்சி, என்னோட பள்ளிக்கூட சர்டிபிகேட்ல ஆல்டர்பி சேக் பரீத்துன்னுதான் இருக்கு. எடுத்துக்கிட்டு நேரா தாலுகா ஆபீஸுக்கு வாரேன். ஆனா அது பத்தாது. கடமலைக்குண்டுல ஆல்டர்பி கர்ணன் இருக்காரு. அவரு தாத்தா எஸ்டேட்டுல கங்காணி. லயன்ல, அதான் கூலிக்காரவுக வரிசை வீட்டுல, இருந்த ஆளுக பேரெல்லாம் எழுதின நோட்டு அவருகிட்டதான் இருக்கு. போய் வாங்குங்க."

கர்ணன் என்ற பெயரைக் கேட்டதும் என் வீட்டுக்காரரின் முகம் சுண்டிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தேனியில் ஒரு கல்யாணத்தில் அந்த மனிதர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "நாமெல்லாம் ஆல்டர்பிக்காரங்கதானே பங்காளி" என்று தோளில் கை போட்டார். இவர் அந்தக் கையை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீங்க லயன் வழி. நாங்க பங்களா வழி" என்றார். அந்தப் பந்தியே கேட்டது.

"அங்கன நான் வரல. நீங்க பஸ்ல போயிட்டு வாங்க" என்றார்.

"பஸ்ல போனா நாலு மணிக்கு அங்கனதான் இருப்போம். வண்டிய எடுக்குறீங்களா, நான் சின்னச்சாமி அண்ணன் வண்டிய கூப்பிடவா?"

எடுத்தார்.

தேனியைத் தாண்டினோம். ஜெபசீலி போனைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, இந்தப் பேரு எங்கெங்க இருக்குன்னு ஒரு தளத்துல போட்டிருக்காக" என்றாள். "இங்கிலாந்துல எண்ணூத்திச் சொச்சம் பேரு. ஆஸ்திரேலியாவுல நூத்திப்பத்து. கனடாவுல அறுபது. இந்தியாவுல அஞ்சே அஞ்சு. அஞ்சும் தேனி மாவட்டம்."

"பேரு எப்படி வந்துச்சாம்?" என்றேன். சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"ஆல்டர்பிங்கிறது அங்கன ஒரு குக்கிராமம். ஆல்டர்னா ஆத்தங்கரையில நிக்கிற மரமாம். 'பி'ன்னா ஊரு. நம்ம மருதூரு மாதிரி. அந்த ஊர்க்குள்ள இருந்தவுகள யாரும் ஆல்டர்பின்னு கூப்பிடல. பிழைக்க வெளிய போனவுகளத்தான், போன இடத்துல அப்படிக் கூப்பிட்டிருக்காக."

நாமும் அப்படித்தானே செய்கிறோம். எங்கள் தெருவில் வாக்கப்பட்டு வந்தவளைக் கடமலைக்குண்டுக்காரி என்கிறோம். கடமலைக்குண்டில் அவளை யார் அப்படிக் கூப்பிடப்போகிறார்கள்?

"அப்ப அந்தத் துரையோட பூட்டனும் பஞ்சம் பிழைக்கப் போனவன்தான்" என்றேன், முன்சீட்டுக்குக் கேட்கும்படி. என் வீட்டுக்காரர் ஹாரனை அழுத்தினார். முன்னால் வண்டியே இல்லை.

கர்ணனின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. அறுபத்தைந்து வயது மனிதர், தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். ஜீப்பின் நெற்றியைப் பார்த்தார், மண்வெட்டியைக் கீழே போடவில்லை. நான் இறங்கி ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"நோட்டு இருக்கு தாயி" என்றார் கர்ணன். "பிள்ள படிப்புக்கு இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா லயன் வீட்டு நோட்டு பங்களா வீட்டுக்காரவுகளுக்கு எதுக்கு? அவுக வாயால கேக்கட்டும்."

நான் ஜீப்பைப் பார்த்தேன். இவர் கண்ணாடி வழியாகத் தென்னை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மணி ஒன்றேகால். அந்த நேரத்தில் அவரை நான் வெறுத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

கர்ணனுக்கே பொறுக்கவில்லை போல. வீட்டுக்குள் போய் ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். பெட்டியிலிருந்து நீளவாக்கில் தைத்த பழைய நோட்டை எடுத்தார். அதற்கு அடியில் கிடந்ததைத் தூக்கி வாசல் கயிற்றுக்கட்டில்மேல் போட்டார். அது ஒரு பித்தளை வில்லை. மேலே ஒரு ஓட்டை. ஆல்டர்பி. கீழே 17.

"எஸ்டேட்டுல ஆளுக்கு ஒண்ணு குடுப்பாக. கழுத்துல கட்டிக்கிட்டுத்தான் காலையில வரிசையில நிக்கணும். நம்பரைக் கூப்பிட்டுத்தான் வேலை போடுவாக. எங்க தாத்தா கங்காணின்னாலும் அவருக்கும் நம்பருதான்."

ஜெபசீலி ஜீப்புக்கு நடந்தாள். அவள் அப்பாவின் முழங்கையைத் தாண்டிக் கையை நீட்டிச் சாவியை உருவினாள். கொண்டுவந்து கட்டில்மேல், 17-க்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே அச்சு, ஒரே எழுத்து, ஒரே ஓட்டை. காலையிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குக் கிட்ட, ஆதாரத்தைத் தேடி, அந்த ஆதாரத்தைச் சாவியில் தொங்கவிட்டே வண்டியை ஓட்டி வந்திருக்கிறோம்.

கர்ணன் நோட்டைப் புரட்டி விரலால் தேடினார். "நாப்பத்தொண்ணு. முத்தன். பெண்டாட்டி, மகன் யாக்கோபு. ஊரு, சாதி எல்லாம் எழுதியிருக்கு. தேயிலைக்குக் குழி வெட்டுற ஆளு."

பின்னால் ஜீப் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அந்த வரியைப் படித்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"பன்னெண்டு வயசுல தெரியும். இது கூலி வில்லைன்னுதான் அப்பாரு சொன்னாக" என்றார். "பள்ளிக்கூடத்துல கூலிக்காரன் பேரன், கூலிக்காரன் பேரன்னு துரத்துவானுக. ஒருநா அந்த வில்லையக் காட்டி, எங்க பூட்டன் துரைடான்னேன். அதோட விட்டுட்டானுக. அதுக்கப்புறம் நிறுத்த முடியல."

பிறகு கர்ணனிடம் திரும்பினார். கையைப் பிசைந்தார். "அண்ணே, அன்னைக்குப் பந்தியில பேசினது தப்பு. நோட்டைக் குடுங்க. நீங்களும் வாங்க."

"நோட்டைக் குடுக்க மாட்டேன். நானே கொண்டுவாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார் கர்ணன்.

மணி ஒன்று நாற்பது. தேனிக்கு வெளியே கரும்பு லாரி ஒன்று குறுக்கே சாய்ந்து ரோட்டை அடைத்திருந்தது. அரைமணி நேரம் நகரவே இல்லை. ஜெபசீலி போனில் மணியைப் பார்ப்பதும், திரையை அணைப்பதும், மறுபடி பார்ப்பதுமாக இருந்தாள். நான் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர் இறங்கிப்போய் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு கரும்புக் கட்டுகளை இழுத்து ஓரமாகப் போட்டார். சட்டை கிழிந்து, கையெல்லாம் கீறலோடு வந்து வண்டியை எடுத்தார்.

நாலு இருபதுக்குத் தாலுகா ஆபீஸ். வாசலில் பாய் தன் சர்டிபிகேட்டோடு நின்றிருந்தார். விஜயகுமார் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் பையை மேஜைமேல் வைத்தார், ஆனால் உட்காரவில்லை.

கர்ணன் நோட்டை விரித்தார். பாய் சர்டிபிகேட்டை வைத்தார். 17-ம் நம்பர் வில்லை மேஜைக்கு வந்தது. விஜயகுமார் மூன்றையும் பார்த்தார்.

"ஒருத்தர் இந்து, ஒருத்தர் முஸ்லிம், நீங்க கிறிஸ்தவர். எல்லாருக்கும் ஒரே பேரு. எஸ்டேட்டுல வேலை பார்த்ததால வந்த பேருன்னு புரியுது. ஆனா நோட்டுல இருக்குற நாப்பத்தொண்ணு உங்காளுதான்னு எது சொல்லுது?"

என் வீட்டுக்காரர் சாவிக்கொத்தை எடுத்தார். வளையத்திலிருந்து வில்லையைக் கழற்ற முயன்றார். வளையம் இறுகியிருந்ததில் வரவில்லை. நகம் பிய்ந்தது. சின்னச்சாமி இன்னமும் பட்டாவுக்காக அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவரும், ஆபீஸில் இருந்த இருபது பேரும் எங்களையே பார்த்தார்கள்.

"இது குதிரை மெடல்னு சொன்னீங்களே?" என்றார் விஜயகுமார்.

"குதிரை இல்ல சார்." வில்லை கழன்று வந்தது. மேஜைமேல் வைத்தார். குரலை அடக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "எங்க பூட்டன் பேரு முத்தன். தேயிலைக்குக் குழி வெட்டின கூலி. அவரு கழுத்துல கிடந்தது. துரைக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"எழுதிக் குடுங்க."

எழுதினார். கையெழுத்துப் போடும்போது ஆல்டர்பி என்றே போட்டார். விஜயகுமார் வாசித்துவிட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். ஜெபசீலி சான்றிதழைத் தளத்தில் ஏற்றியபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. பச்சை டிக் விழுந்ததும் அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

வெளியே ஜீப்புக்கு வந்தபோது என் வீட்டுக்காரரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார், நகம் பிய்ந்த விரலில் ரத்தம் இருந்ததால். மதுரையிலிருந்து யாரோ ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் மேகமலைக்கு வரவேண்டுமாம். "அந்த துரை பேரன் ஜீப்தானே? எங்க பிரெண்டு சொன்னா, கதையெல்லாம் சூப்பரா இருக்குமாம்."

அவர் எங்களைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜீப் அதேதாம்மா. துரை பேரன் இல்ல. அந்த மலையில குழி வெட்டினவர் பேரன். குழியெல்லாம் எங்கனன்னு காட்டுறேன். வாறீங்களா?"

அந்தப் பெண், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை.

போனை வைத்ததும் கர்ணன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "வண்டிய எடு பங்காளி. மோட்டார் நிறுத்தாம வந்துட்டேன், தென்னைக்குத் தண்ணி ரொம்பிக் கிடக்கும்" என்றார். என் வீட்டுக்காரர் வெறும் சாவியைப் போட்டுத் திருப்பினார். வில்லை ஜெபசீலியின் உள்ளங்கையில் இருந்தது. நம்பர் மேலே தெரியும்படி அதைப் பிடித்திருந்தாள்.