நீல விளக்குக்கு அடியில்

பாலக்கோடு மண்டியில் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துத் தக்காளி விலை பேசினால் டேவிட்ராஜ் ஒத்துக்கொள்ள மாட்டான். சிவப்புத் தார்ப்பாய் செங்காயையும் பழமாகக் காட்டிவிடும். பெட்டியை வெயிலுக்கு இழுத்து வந்துதான் பார்ப்பான். நிறத்தில் அவனை ஏய்த்தவர் இல்லை.

அந்தக் கண்ணைத்தான் அவன் மனைவி அனிஷா நம்பியிருந்தாள். வயிற்றில் தையலோடு மாடி வார்டில் படுத்திருந்தாள். பிறந்த மறுநாளே மஞ்சள் காமாலை கண்ட பிள்ளை கீழே கண்ணாடி அறையில் நீல விளக்குக்கு அடியில் கிடந்தான். மஞ்சள் இறங்காவிட்டால் சேலத்துக்குக் கொண்டுபோய் ரத்தம் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவு சாயங்காலம்தான் வரும்.

"அதுவரைக்கும் என்னால தாங்க முடியாதுங்க. ஊரான் தக்காளிக்கெல்லாம் நிறம் சொல்றீங்க, உங்க பையனுக்குச் சொல்ல மாட்டீங்களா?"

டேவிட்ராஜ் கீழே இறங்கி அறை வாசலில் நின்று பார்த்தான். நீலத்தில் பிள்ளைக்கு நிறமே இல்லை. உதடும் நகமும் துணியும் ஒன்றுபோல இருந்தன.

"இந்த வெளிச்சத்துல தெரியாதுண்ணா," என்றாள் நர்ஸ். "பால் குடுக்கறப்ப நிறுத்துவோம். அப்பப் பாருங்க."

அந்த நேரம் தவறிவிடக் கூடாதென்று அவன் டீ குடிக்கவும் போகவில்லை. நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விளக்கு அணைந்தது. நர்ஸ் பிள்ளையை மடியில் கிடத்திப் பாலாடையை வாயில் வைத்தாள்.

பிள்ளை மஞ்சளாக இருந்தான். நெற்றியிலிருந்து உள்ளங்கால் வரை மஞ்சள். பிறகுதான் நர்ஸின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். அதுவும் மஞ்சள். சுவரும் மஞ்சள்.

"ஏம்மா, எல்லாமே மஞ்சளாத் தெரியுது."

"அந்த லைட்டையே பாத்துட்டு நின்னீங்களா? கண்ணு அப்படித்தான் காட்டும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"நாங்க வாயால சொல்லக் கூடாதுண்ணா. ரத்தம் சொல்லட்டும்."

கண்ணை இறுக்கி மூடித் திறந்தான். ஜன்னல் பக்கம் திரும்பி வெயிலைப் பார்த்தான். சுவர் மெல்ல வெளுத்தது. கோட்டும் வெளுத்தது. பிள்ளையிடம் திரும்பியபோது பாலாடை காலி. நர்ஸ் பிள்ளையைப் படுக்கவைத்துக் கண்ணுக்குத் துணி கட்டி விளக்கைப் போட்டாள்.

"ஒரு நிமிசம்மா."

"ரொம்ப நேரம் நிறுத்தக் கூடாதுண்ணா. அவனுக்கு வெளிச்சம்தான் மருந்து."

மாடி ஏறினான். அனிஷா தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்திருந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எறங்கியிருக்கா?"

ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்திருந்தது. அதில் அவள் முகம் பயத்தில் வெளுத்துக்கொண்டு வருவது அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.