மிச்சம் மூன்று டிகிரி

வானிலை நிலையத்தின் முற்றத்தில் இருந்த வெப்பமானி அன்று மதியம் நாற்பத்தாறரை டிகிரி காட்டியது. ஊரின் பழைய உச்சமே நாற்பத்து மூன்றுதான். ஏதோ நான்தான் அடுப்பு மூட்டியதுபோல மேலதிகாரி என்னை முறைத்தார்.

"முற்றம் பூரா சிமெண்டு போட்டு காரை நிறுத்துறீங்க. அப்புறம் சுடாம என்ன செய்யும்?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதேதான்! எல்லாம் அந்தச் சிமெண்டு பண்ற வேலை. ஊருக்கு வெளிய புல்வெளியில அளந்து பார்த்துட்டு, இது தப்புன்னு எழுதிடலாம்மா."

உதிரி வெப்பமானியையும் அதை வைக்கும் வெள்ளைப் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பினோம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கட்டடமே இல்லாத இடம். ஓட்டுநரும் கைகொடுக்க, பெட்டியை நிறுத்தி, அரைமணி நேரம் காத்திருந்து, அதன் கதவைத் திறந்தேன்.

நாற்பத்தாறு.

மேலதிகாரி தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

"சிமெண்டோட பங்கு வெறும் அரை டிகிரிதாம்மா," என்றார். "மிச்சம் மூணு டிகிரி யார் பண்ண வேலை?"

பெட்டியின் கதவைச் சாத்தினேன். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. சாலையோரம் எங்கள் வண்டி ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"திரும்பி வர்றப்போ உள்ள ஜில்லுனு இருக்கட்டும், வண்டிய அணைக்காதீங்க" என்று இறங்கும்போது ஓட்டுநரிடம் சொன்னவள் நான்.