பலகைக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

இன்றைக்கும் ஒருவரும் வராவிட்டால் இரண்டரை மணி ரயிலைப் பிடித்து சொந்த ஊரான இன்வர்னெஸுக்குப் போய்விடுவது, அப்புறம் மேடை என்ற பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு செய்து, பெட்டியைக் கட்டி மேடைக்குப் பின்னால் வைத்திருந்தேன். கலைவிழாவின் பத்தொன்பதாவது நாள் அது.

ஆகஸ்டில் எடின்பரோவில் கல்லை விட்டெறிந்தால் கலைஞன் தலையில்தான் விழும். காலையிலிருந்து மழையில் நின்று முந்நூறு நோட்டீஸ் கொடுத்தேன். 'இஷ்பெல் ரென்னியின் தனிநபர் நகைச்சுவை, மதியம் ஒன்றரை, அனுமதி இலவசம்.' ஒருவர் அதைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினார். அதில் அச்சடித்திருந்த என் முகம் அதற்காவது உதவியதே.

அரங்கு என்பது ஒரு மதுக்கடையின் நிலவறை. நடுவில் ஒட்டுப்பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் அதே நேரத்தில் டூகல் என்று ஒருவனின் நகைச்சுவைக் காட்சி. வாசல் வேறு என்பதால் ஆளைப் பார்த்ததில்லை. அவனுக்கு விழும் சிரிப்பு மட்டும் பதினெட்டு நாளும் காதில் விழுந்தது. அதிலும் ஒரு பெண், எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகக் குபுக்கென்று சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். அந்த ஒருத்தியையாவது எனக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம்.

ஒன்றரைக்கு நாற்காலிகள் மட்டும் இருந்தன. பெட்டியில் கை வைத்தபோது, நனைந்த கோட்டோடு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

நடிப்பவர்களைவிடப் பார்ப்பவர்கள் குறைவென்றால் காட்சியை ரத்து செய்யலாம் என்பது எங்கள் தொழிலில் வழக்கம். தனி ஆளுக்குத்தான் அது உதவாது. ஒன்றுக்கு ஒன்று, தப்பிக்க வழியில்லை.

"முன்னாடி வாங்க சார்."

"வேணாம்மா. என்னைய வச்சே ஜோக்கு அடிப்பீங்க."

"வேற யாரை வச்சு அடிக்கறது? சுத்திப் பாருங்க."

முன்னால் வந்தார்.

"இருபது வருஷம் பள்ளிக்கூட கேன்டீன்ல சூப்பு ஊத்தினேன்," என்று ஆரம்பித்தேன். "என்னைப் பாக்க முந்நூறு பேரு வரிசையில நின்னது அப்பத்தான்."

அவர் புன்னகைத்தார். பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"பக்கத்து ரூம்ல இன்னிக்கு என்னாச்சுன்னு தெரியல. இந்நேரம் கூரையே பிச்சுக்கும்."

"அந்த ரூமு நான்தாம்மா," என்றார். "இன்னிக்கு ஒருத்தரும் வரல."

"மத்த நாள்ல?"

"ரெண்டு பேரு. மிஞ்சினா மூணு."

"அப்ப அந்தச் சிரிப்பு?"

"டேப்பு. அமைதியா இருந்தா எனக்குப் பேச்சே வராது. அதான் பொண்டாட்டி சொந்தக்காரங்களை வீட்டு ஹால்ல உக்கார வச்சு, சிரிக்கச் சொல்லிப் பதிவு பண்ணிட்டேன்."

"கடைசில தனியா சிரிக்கறவங்க?"

"மாமியா. அவங்களுக்குப் புரிய கொஞ்சம் நேரமாகும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அட மனுசா, ஒரு டேப்பைக் கேட்டா பதினெட்டு நாளா வெந்துகிட்டு இருந்தேன்?"

"நீங்க மட்டுமா? உங்க பக்கம் ஆளுங்க சத்தமே வராது. எல்லாரும் மெய்மறந்து கேக்கறாங்க, அந்தம்மா பெரிய ஆளுன்னு பொண்டாட்டிகிட்ட தினம் புலம்பினேன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். வெகுநேரம் எங்களால் நிறுத்த முடியவில்லை.

"சரி, மிச்சத்தைச் சொல்லுங்க," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. சொன்னேன். யாருமே சிரிக்காத இடங்களில்கூட அவர் சிரித்தார். மனம் நிறைந்துபோயிருந்தது. மணி பார்த்தபோது ரயில் போயிருந்தது.

மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். சூப்பு ஜோக்கைச் சொன்னேன். ஐவரும் அசையாமல் என்னையே பார்த்தார்கள்.

அப்போது பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குபுக்கென்று ஒரு சிரிப்பு. டேப்பில் மாமியார் மட்டும், தனியாக. என் ஜோக் எப்போது வரும் என்று டூகல் காதைப் பலகையில் வைத்துக் காத்திருந்திருக்கிறார்.

"பரவால்ல," என்றேன் அந்த ஐந்து பேரிடமும். "பக்கத்து ரூம்ல அந்தம்மாவுக்கே புரிஞ்சிருச்சு."

ஐந்து பேரும் சிரித்தார்கள்.