பூதலிங்கம் இல்லாத படம்

ஷிபின் மடிக்கணினியை மேஜைமேல் திறந்து வைத்து, நாற்காலியை அனந்தலக்ஷ்மியின் பக்கம் நகர்த்திப் போட்டான். பழைய மலையாளப் படங்களைச் சுத்தம் செய்து புளூரே தட்டுகளாக வெளியிடும் கொச்சிக் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. வாசுதேவக் குறுப்பின் படங்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில், ஸ்பெஷல் எடிஷனாகக் கொண்டுவரும் பொறுப்பு அவனுடையது. குறுப்பு காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் படங்கள் அத்தனைக்கும் எடிட்டர் ஸ்ரீவராகத்து அனந்தலக்ஷ்மிதான். எடிட்டிங்கை விட்டு வெகுகாலமாகியும் பெட்டி விஷயமாக யார் எதைக் கேட்டாலும், லக்ஷ்மியிடம் கேளுங்கள் என்றுதான் குறுப்பின் மகள் சொல்லி அனுப்பினாள்.

அவன் முன்பே வந்து அவளைப் பேட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தான். இந்தத் தடவை வந்தது வேறு காரியத்துக்கு. குறுப்பின் வீட்டு மாடியில் ஒரு துருப்பிடித்த தகர டப்பாவில், 'பதினொண்ணாம் வளவு' படத்தில் சேராமல்போன காட்சி ஒன்று கிடைத்திருந்தது. டப்பாவைத் திறந்ததும் புளித்த நாற்றம் அடித்ததாம். சுருளின் ஓரமெல்லாம் அரித்துப்போயும் படம் எப்படியோ பிழைத்துக் கிடந்தது என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான்.

எந்தக் காட்சி என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

படத்தின் கதை இதுதான். பொன்முடி மலைச்சாலையில் பதினோராவது வளைவு. அங்கே பஸ் மோதி ஒரு பையன் செத்துப்போனான். பஸ்ஸை ஓட்டியவன்தான் கதாநாயகன். கோர்ட்டு அவனை விட்டுவிட்டது. ஆனால் யாராவது ஒருவர் தன்னைத் திட்டவோ மன்னிக்கவோ மாட்டார்களா என்று படம் முழுக்க அலைகிறான். வெட்டிய காட்சியில் செத்த பையனின் அப்பா வருகிறார். தமிழ்நாட்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர். வளைவின் கல்லில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருக்கிறார். டிரைவர் பஸ்ஸை நிறுத்தி இறங்கி எதிரே போய் நிற்கிறான். அப்பா அவனை ஏறிட்டுப் பார்க்கிறார். யாரென்று தெரிந்துகொள்கிறார். பிறகு இலையிலிருந்த கிழங்கில் பாதியைப் பிட்டு நீட்டி, "நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான் காட்சி.

அப்பாவாக நடித்தவன் பூதலிங்கம். வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தான். ஊர்க் கோயில் கொடைகளில் ராஜா வேஷம் கட்டியவன் என்று யாரோ சொல்ல, அங்கே காப்பி குடிக்கப் போன குறுப்பு அவனைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். வயது முப்பதுகூட இருக்காது. தாடிக்கு நரையடித்து உட்கார வைத்தார்கள்.

திரையில் அந்த முகத்தை மறுபடி பார்த்தபோது அனந்தலக்ஷ்மிக்கு அதற்கு மேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை. அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. அதனால்தான் வெட்டச் சொன்னாள். அந்த ஆள் கிழங்கை நீட்டிய நிமிஷத்தில் டிரைவருக்கு மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது. அதற்கப்புறம் அவன் எதற்கு அலைய வேண்டும்? பாக்கிப் படம் காற்றுப்போன டயர் மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. குறுப்புக்கு மனசே வரவில்லை. பல நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அவர் இறங்கிவந்து, பூதலிங்கத்திடம் இதை யார் சொல்வது என்று கேட்டார். நான் சொல்கிறேன், தமிழ் பேசுகிறவள் நான்தானே என்று அவளே ஏற்றுக்கொண்டாள்.

ஏற்றுக்கொண்டவள் போகவில்லை. முதலில் ஒலிச்சேர்ப்பு வேலை, பிறகு டில்லி விழா, பிறகு அம்மாவுக்கு ஆபரேஷன். படம் வெளிவந்த பிறகு போவதற்கு முகமில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்க மாதாமாதம் போகிறவள் அவள். ஹோட்டல் அதே வழியில்தான் இருந்தது. ஒருநாள் அவன் இரண்டு கையிலும் டம்ளர்களோடு வாசல்பக்கம் வருவதைப் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போய்விட்டாள்.

காட்சியைப் படத்துக்குள்ளேயே சேர்த்துவிடலாம் என்பது ஷிபினின் எண்ணம். இதுவரை யாரும் காணாத பதிப்பு என்று பெட்டிமேல் போட்டால் எடுப்பாக இருக்கும். இல்லையென்றால், நீக்கிய காட்சிகள் என்று தட்டின் கடைசியில் தனியாக வைக்கலாம். முடிவு மேடத்தினுடையது என்றான்.

"அந்த நடிகர் உயிரோட இருக்காரான்னு மொதல்ல பாக்கணும்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

ஹோட்டல் கைமாறி இப்போது செருப்புக்கடையாக இருந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரருக்கு விவரம் தெரிந்திருந்தது. பூதலிங்கம் எப்போதோ விதுராவுக்குப் போய், சந்தை பக்கம் டீக்கடை போட்டுவிட்டாராம். மறுநாளே அவள் பஸ் ஏறினாள்.

டீக்கடையை அவருடைய மகள் சுஜா நடத்திக்கொண்டிருந்தாள். பின்பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்தான் பூதலிங்கம். தாடி இப்போது தானாகவே நரைத்திருந்தது. குறுப்பு சார் படத்தில் எடிட்டராக இருந்தவள் என்று அனந்தலக்ஷ்மி சொன்னதும் எழுந்து, தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

அவள் சுற்றிவளைக்கவில்லை. டப்பா கிடைத்ததைச் சொன்னாள். வெட்டச் சொன்னது குறுப்பு இல்லை, தான்தான் என்றாள். காரணத்தையும் சொன்னாள்.

"உங்க நடிப்பு நன்னா இல்லைன்னு வெட்டலை. அதுக்கு மேல படத்துல எதுவும் நிக்க மாட்டேன்னுது. அவ்வளவு நன்னா இருந்தது. அதுதான் காரணம்."

பூதலிங்கம் வெங்காயத்தைத் தட்டில் வைத்தார். பிறகு அவர் சொன்னது இது. படம் வந்த அன்றைக்கு அவர் பெண்டாட்டி சுசீலாபாயின் ஆட்கள் போணக்காடு எஸ்டேட்டிலிருந்து ஒரு ஜீப் நிறையக் கொட்டகைக்கு இறங்கி வந்தார்கள். புதுமாப்பிள்ளை சினிமாவில் நடித்திருக்கிறார் என்று மாமனார் எஸ்டேட் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். இடைவேளை வரை காத்திருந்தார்கள். கடைசிவரை காத்திருந்தார்கள். ஆபரேட்டர் ரீலை விட்டுவிட்டான் என்று பூதலிங்கம் மேலே ஏறிப் போய்ச் சண்டை பிடித்தார். அங்கிருந்தவர்கள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். மறுவாரம் தனியாக நெடுமங்காட்டுக்குப் போய் இன்னொரு கொட்டகையில் பார்த்தார். அங்கேயும் பஸ் அந்த வளைவில் நிற்காமல் போனது. அப்புறம் மாமனார் வீட்டில் அவருக்குப் பெயரே சினிமாக்காரன் என்றாகிவிட்டது.

"சுசீலா மட்டும் ஒண்ணும் கேக்கல. ஒரு வார்த்த கேக்கல. பொய் சொன்னவன்கிட்ட என்ன கேக்கதுன்னு நெனச்சாளோ என்னமோ. போன மழையில அவளும் போய்ச் சேந்துட்டா."

அதற்குப் பிறகு வேஷம் கட்டினீர்களா என்று அனந்தலக்ஷ்மி கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

"ஊர்லேந்து கொடைக்கு ஆளு விட்டாங்க. போகல. பெரிய டைரக்டரே வேண்டாம்னு தள்ளிட்டாரு, நமக்கு வராதுன்னு தெரிஞ்சு போச்சு. பின்ன எதுக்கு நாலு பேரு முன்னால போய் நிக்கணும்?"

சுஜா டீ கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு இந்தக் கதை முழுதாகத் தெரியாது போலிருந்தது. அப்பாவையும் வந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பூதலிங்கம் டீயைப் பாதி குடித்துவிட்டு, இப்போதாவது அதைச் சேர்ப்பார்களா என்று கேட்டார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் பாடுபட்டது அவளுக்குத் தெரிந்தது. சேர்த்துவிடலாம் என்ற வார்த்தை நாக்கின் நுனி வரை வந்தது.

"பாத்துட்டுச் சொல்றேன். நானே வந்து சொல்றேன்" என்றாள்.

ஷிபின் ஏற்பாடு செய்த எடிட்டிங் அறையில், காட்சியை அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் படத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தாள். தான் அன்றைக்குத் தப்பாகத் தீர்மானித்திருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே பார்த்தாள். வயதும் அனுபவமும் கூடிய பிறகு கண் மாறியிருக்காதா? பூதலிங்கம் கிழங்கை நீட்டினார். டிரைவர் வாங்கிக்கொண்டான். அதோடு படம் முடிந்துபோயிற்று. மேலே ஓடியதெல்லாம் சும்மா ஓடிற்று. கொஞ்சம் முன்னால் வைத்தாள். பின்னால் தள்ளினாள். பாதியாகக் குறைத்தாள். பாதியாகக் குறைத்ததுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது, அந்த மனிதரின் கையை ஒடித்தது மாதிரி.

சேர்த்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று அன்று வீட்டுக்குத் திரும்பும்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். குறுப்பு இல்லை. பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஒரு மனுஷன் சந்தோஷப்படுவான். ஆனால் அன்றைக்கு வெட்டியது படத்துக்காக என்றால் இன்றைக்கும் அதே படம்தானே. இன்றைக்குச் சேர்த்தால் அன்றைக்கு அவனிடமிருந்து பறித்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடாதா? இது நியாயமா, பிடிவாதமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலே ஷிபினைக் கூப்பிட்டு, தனியாகவே வையுங்கள் என்றாள். நடிகரின் பெயரைப் பெட்டியின் மேலும் உள்ளே வரும் புத்தகத்திலும் போட வேண்டும் என்பதை மட்டும் விடாப்பிடியாகச் சொன்னாள். அவனுக்கு ஏமாற்றம்தான். போடுகிறேன் என்றான்.

மறுபடி விதுராவுக்குப் போனாள். பூதலிங்கம் அவளைக் கண்டதும் முதல் தடவை மாதிரியே பெஞ்சைத் துடைத்தார். உட்காராமலே சொல்லிவிட்டாள்.

"சேத்துப் பாத்தேன். நிக்கலை. தனியாத்தான் வரும். போன்ல சொல்லியிருக்கலாம், ஆனா இதை நேர்ல வந்து சொல்லணும்னு பட்டது."

அவர் முகம் சிவந்தது. உள்ளே போனார். கடையின் பின்புறம் பாத்திரம் ஒன்று உருளும் சத்தம் கேட்டது. சுஜா கல்லாவில் நின்றபடி தலையைக் குனிந்துகொண்டாள். அனந்தலக்ஷ்மி போகவில்லை. திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள். வெகுநேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது கோபம் கொஞ்சம் அடங்கியிருந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லுதேன். அன்னைக்கே நீங்க இப்பிடி வந்து சொல்லியிருந்தாலும் எனக்கு இதே கோவம் வந்திருக்கும். ரெண்டு நாளு யாருகிட்டயும் பேசாம கெடந்திருப்பேன். மூணாம் நாளு ஊருக்குப் போயி வேஷம் கட்டியிருப்பேன்."

வந்தவள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று சுஜாவிடம் சொல்லி இரண்டு பழம்பொரி எடுத்துவைக்கச் சொன்னார். அவள் தின்றாள். பஸ் வரும்வரை இருவரும் குறுப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். அவருக்கு என்ன வியாதி, கடைசியில் கஷ்டப்பட்டாரா என்றெல்லாம் பூதலிங்கம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பெட்டி வெளியானபோது திருவனந்தபுரத்தில் ஒரு விழா வைத்து, சுத்தம் செய்த 'பதினொண்ணாம் வளவு' படத்தைத் திரையிட்டார்கள். அனந்தலக்ஷ்மி விதுராவுக்கு அழைப்பு அனுப்பியிருந்தாள். பூதலிங்கம் வரவில்லை. சுஜா மட்டும் கடையை அடைத்துவிட்டு வந்தாள். அவளை அனந்தலக்ஷ்மி தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள்.

படத்தின் வண்ணம் புதுசாக எடுத்தது மாதிரி இருந்தது. மலையும் மூடுபனியும் வந்தபோதே கூட்டம் கைதட்டியது. அப்பா இதில் வரமாட்டார் என்பது சுஜாவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் பஸ் அந்த வளைவை நெருங்கியபோது முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பஸ் நிற்காமல் போனது. அவள் மெல்லப் பின்னால் சாய்ந்தாள். அனந்தலக்ஷ்மி அதற்கு மேல் திரையைப் பார்க்கவில்லை.

விளக்குப் போட்டதும் நாலைந்து பேர் மேடைக்குக் கூப்பிட வந்தார்கள். இதோ வருகிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு, பெட்டி ஒன்றைச் சுஜாவின் கையில் கொடுத்தாள். சுஜா அதைத் திருப்பி, பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்த அப்பாவின் பெயரைப் படித்தாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தவள், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் தயங்கி நின்றாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு, அம்மா" என்றாள். "இத மட்டும் நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்."